நார்பர்ட் கோப்கே மாட்டிய பேக்கிங்

ஆல்டர் க்ரீக்கில் எந்த இன்ஜின் அடம்பிடித்தாலும் நார்பர்ட் கோப்கேயின் பட்டறைக்குத்தான் கொண்டுபோவார்கள். பால் பண்ணைக்காரர்களின் டிராக்டர், மரம் அறுக்கும் ரம்பம், ஏரிக்குப் போகும் படகு, எல்லாம் அங்கேதான் வரும். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. வண்டியை ஓடவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு இரண்டு நிமிஷம் சத்தத்தைக் கேட்பார். "மூணாவது பிளக்," என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிளக்தான் போயிருக்கும். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான். மனைவி அர்லீன் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். பெண்கள் இருவரும் கல்யாணமாகி மில்வாக்கி பக்கம் போய்விட்டார்கள்.

ஊரின் தீயணைப்புப் படையில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஊர் மன்றத்துக் கூரையில் சங்கு ஊதினால், கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். இருந்தது ஒரே ஒரு தண்ணீர் வண்டி, அறுபத்தோராம் வருஷத்தது. அதன் இன்ஜினைப் பார்த்துக்கொள்வது நார்பர்ட். ஓட்டுவது ரோலண்ட் ஸ்கார். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இருபத்தாறு வருஷமாக மான் வேட்டைப் பருவத்தில் ஒரே குடிசையில் தங்கி, ஒருவர் குறட்டையை ஒருவர் திட்டிக்கொண்டு தூங்கியவர்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்ட கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதியது. ஹார்லன் ஃபிட்சின் மாட்டுக் கொட்டகையில் தீ. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி இருந்தது. ரோலண்ட் வண்டியை எடுத்தார். ஹார்லன் பண்ணை நாலு மைல். இரண்டாவது மைலில், கல்லறைத் தோட்டத்து மேட்டில் ஏறும்போது வண்டி கறுப்பாகப் புகைந்து, இருமி, நின்றுவிட்டது. ரோலண்ட் பேட்டரி செத்துப்போகும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்து ஊர் வண்டி வந்து சேர அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. முப்பத்து நாலு மாடுகளில் பதினைந்தைத்தான் வெளியே இழுத்துவர முடிந்தது. ஹார்லனுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. அறுந்த கழுத்துக் கயிறு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மிச்சத்தின் சத்தம் அடங்கும்வரை பனியில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வியாழக்கிழமை ஊர் மன்றத்தில் படையினர் கூடினார்கள். படைத் தலைவர் கிளேட்டன் நேராக நார்பர்ட்டைப் பார்த்துக் கேட்டார்.

"என்னதான் ஆச்சு அந்த வண்டிக்கு?"

"பிளக் எல்லாத்தையும் கழட்டிப் பாத்தேன். பெட்ரோல்ல குளிச்ச மாதிரி இருந்துச்சு. அந்தக் குளிர்ல ஆக்சிலேட்டரைப் போட்டு மிதிச்சா அப்பிடித்தான் ஆகும்."

"கார்புரேட்டர்ல கோளாறு எதுவும்?"

"நவம்பர்ல நானே பிரிச்சுச் சுத்தம் பண்ணி மாட்டினது. அதுல ஒண்ணும் இல்ல."

பின்வரிசையிலிருந்து ரோலண்ட், "நான் ரெண்டு தடவதான் மிதிச்சேன்," என்றார்.

"பதட்டத்துல எத்தன தடவன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும், ரோலண்ட்," என்றார் யாரோ. குரலில் கோபம் இல்லை. பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். அடுத்த வாரம் ரோலண்ட் வண்டிச் சாவியையும் தலைக்கவசத்தையும் கிளேட்டன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வருஷம் வேட்டைக் குடிசைக்கும் வரவில்லை. நார்பர்ட் தனியாகப் போய், ஒரே நாளில் திரும்பி வந்தார்.

அந்த வண்டி அதற்குப் பிறகும் சரியாக ஓடவில்லை. கறுப்பாகப் புகைந்தது, தாகம் பிடித்தது போலப் பெட்ரோல் குடித்தது. இன்ஜின் ஆயிலை முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தது. நார்பர்ட் ஆயிலை மாற்றினார், பிளக்கை மாற்றினார். "கிழட்டு இன்ஜின், அவ்வளவுதான்," என்றார். எண்பத்து நாலு பிறந்தபோது உள்ளே பேரிங் தட்ட ஆரம்பித்துவிட்டது. ஊர் கூடி, ஓய்வுபெற்ற ஒரு பள்ளி பஸ்ஸின் இன்ஜினை வாங்கியது. நல்ல இன்ஜின்தான். ஆனால் அதோடு வந்த, பெட்ரோலையும் காற்றையும் கலந்துவிடும் கார்புரேட்டரில் விரிசல் இருந்தது. ஆகவே பழைய வண்டியின் கார்புரேட்டரையே கழற்றிப் புதுப்பித்து மாட்டுவது என்று முடிவாயிற்று.

நார்பர்ட் ஒரு முறை வைத்திருந்தார். கார்புரேட்டரை முதலில் பிரித்துச் சரிசெய்து, பழைய இன்ஜினிலேயே மாட்டி, ஓடவிட்டுத் திருத்திவிடுவது. அப்புறம் இன்ஜினை மாற்றுவது. புது இன்ஜினில் ஏதாவது தகராறு வந்தால் கோளாறு எதில் என்று குழம்ப வேண்டியதில்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதை மேஜைமேல் வைத்தார். மேல்மூடியைக் கழற்றி, அடியில் தேங்கியிருந்த பெட்ரோலைக் கொட்டினார். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே சத்தம் இல்லை, ஓட்டை இல்லை. பெட்ரோல் பாயும் ஊசித்துளை ஜெட்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் சுத்தம். கடைசியாக, பாரம் ஏறும்போது மட்டும் கூடுதல் பெட்ரோல் விடும் அந்தச் சின்ன வால்வைக் கழற்றினார். நாணயம் அளவுக்குத்தான் இருக்கும். அதன் அடியில், பெட்ரோல் கசியாமல் அடைக்கும் ஒரு பேக்கிங்.

புதிய உதிரிப் பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டினார். அந்த வால்வுக்கென்று அதில் எப்போதும் இரண்டு பேக்கிங் வரும். ஒன்று வெறும் வளையம். மற்றது உள்பக்கம் மூன்று சின்னப் பற்கள் உள்ளது. வால்வின் ரகத்துக்கு ஏற்றபடி ஒன்றை மாட்டிவிட்டு மற்றதை எறிந்துவிட வேண்டும். இந்த வால்வுக்கு வெறும் வளையம் மாட்ட வேண்டும்.

கையில் இருந்ததில் மூன்று பற்கள் இருந்தன.

வால்வு உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்தார். பல்லுக்குப் பல் இடுக்கில் பழுப்பாக ஒரு கறை, கீழே இன்ஜினுக்குள் இறங்கும் துளைவரை ஓடியிருந்தது. பெட்ரோல் ஓடிய தடம். இன்ஜின் ஒவ்வொரு முறை மூச்சை இழுத்தபோதும் அந்த வழியாகக் கேட்காமலே பெட்ரோல் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பதினாறு மாதமாக. கல்லறைத் தோட்டத்து மேட்டில் ரோலண்ட் ஏறிய அன்றும்தான். அவர் இரண்டு தடவை மிதித்திருந்தாலும் சரி, மிதிக்காமலே இருந்திருந்தாலும் சரி, அது நின்றுதான் இருக்கும்.

நார்பர்ட் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். காது மடல்கள் சுட்டன.

பேக்கிங் மாறிப்போவது யாருக்கும் நடக்கிற தப்புதான். அவரை உட்காரவைத்தது அது இல்லை. அந்த நவம்பர் வெள்ளிக்கிழமை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறுநாள் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. வாசலில் ரோலண்ட் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். "டேய் நார்ப், மானுங்க எல்லாம் வயசாகிச் செத்துடும்டா, வாடா." நார்பர்ட் கார்புரேட்டரை மாட்டி, பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூ இரண்டையும் முழுக்க உள்ளே முறுக்கிப் பார்த்தார். அப்படிச் செய்தால் இன்ஜின் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. புகைந்துகொண்டே ஓடிற்று. பெட்ரோல் வேறு எங்கிருந்தோ வருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். பதினேழு வயதில் கற்றுக்கொண்ட பாடம் அது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பானட்டை மூடிவிட்டுப் போனார். திங்கட்கிழமை மானை வெட்டிப் பங்கு போடுகிற வேலையில் மறந்துவிட்டார்.

ஊர் மன்றத்தில் கிளேட்டன் கேட்டபோது அந்த ஸ்க்ரூ ஞாபகத்துக்கு வந்ததா? வந்தது. ஒரு கணம் வந்து போயிற்று. அந்தக் கணத்தில்தான் அவர், "அதுல ஒண்ணும் இல்ல," என்று சொன்னார்.

எழுந்து, பேக்கிங்கை எடுத்துக்கொண்டு அடுப்பருகே போய், கதவைத் திறந்து உள்ளே போட்டார். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை. கருகிய வாடை கொஞ்சம் வந்தது. பிறகு மேஜைக்கு வந்து, சரியான வளையத்தைப் போட்டு வால்வை முறுக்கினார். மிதவையின் உயரத்தை அளந்துவைத்தார். மூடியை மூடி, பழைய இன்ஜினில் மாட்டி, ஸ்டார்ட் செய்தார்.

பேரிங் தட்டியது. ஆனால் புகை இல்லை. ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே முறுக்கினார், இன்ஜின் தடுமாறியது. வெளியே எடுத்தார், சீரானது. இன்னும் கால் சுற்று. பூனை உறுமுகிற மாதிரி இதமாக ஓடியது. தொட்டால் பதில் சொன்னது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் சீட்டியடித்திருப்பார்.

சாப்பாட்டுத் தூக்கோடு அர்லீன் வந்தாள். "என்ன, புகையே காணோம்? என்ன பண்ணின?"

"சுத்தம் பண்ணேன்."

"போன தடவையும் சுத்தம்தான பண்ணின?"

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை ஆறு பேர் கூடி, சங்கிலிக் கப்பி கட்டி, பழைய இன்ஜினைத் தூக்கி, பஸ் இன்ஜினை இறக்கினார்கள். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் நார்பர்ட் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தார். மத்தியானத்துக்குள் ஒரு காரணம் கிடைத்துவிடும். பழைய இன்ஜின் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. பேக்கிங் சாம்பலாகிவிட்டது. அவர் வாயைத் திறக்காதவரை அது நடக்கவே இல்லை. அப்படி நினைத்ததும் கொஞ்சம் நிம்மதி வரும். அந்த நிம்மதியை நினைத்து அடுத்த நிமிஷமே வெட்கம் வரும்.

இறைச்சி கூடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கும். ஊரே வரும். அந்த வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவி நடுவில் நிறுத்தியிருந்தார்கள். கிளேட்டன் பீர் டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நம்ம நார்ப் கைய வெச்சான், செத்த வண்டி எந்திரிச்சு ஒக்காந்துடுச்சு. இவன் செத்தா இவன் கைய மட்டும் வெட்டி நாம வெச்சுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மேஜையிலிருந்து ஒருவர், "வண்டி சரியாயிடுச்சு. இனிமே மிதிக்கிறவனைப் பாத்து ஏத்துங்கப்பா," என்றார். சிரிப்பு இன்னும் பெரிதானது. நார்பர்ட்டும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் தன் வாய் விரிந்திருப்பது அவருக்கே தெரிந்தது. எதிரே, பரிமாறுகிற மேஜைக்குப் பின்னால் ரோலண்டின் மனைவி முட்டைக்கோஸ் கலவைக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் அவள் முன்னால் போய் நின்றுதான் ஆக வேண்டியிருந்தது.

"ரோலண்ட் வரலியா?" என்றார். கேட்டதும் ஏன் கேட்டோம் என்று இருந்தது.

"ஹார்லன் வீட்ல கறவைக்குப் போயிருக்கான். ஒரு வருஷமா தெனமும் காலைலயும் சாயங்காலமும் அங்கதான்." அவள் அவர் தட்டில் ஒரு கரண்டி வைத்தாள். "பத்தொம்போது மாடும் தன்னாலதான் போச்சுங்கிறான். தூங்கறப்போ வலது கால் ஒதைக்குது, நார்ப். எந்திரிச்சு ஒக்காந்துக்கிட்டு, ரெண்டு தடவதான மிதிச்சேன், அதுக்கு மேலயான்னு என்னையக் கேக்கறான். நான் என்ன அந்த வண்டியிலயா இருந்தேன்?"

பின்னால் நின்றவர் நகரச் சொல்லி இடித்தார். நார்பர்ட் நகர்ந்தார். மீனைத் தொடவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், காரில், அர்லீனிடம் சொன்னார். பேக்கிங், ஸ்க்ரூ, அடுப்பு, எல்லாவற்றையும். அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றாள் கடைசியில். "என்னால என்ன மன்னிக்கவா முடியும்? எங்கிட்ட எதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிட்டு."

மறுநாள் விடிகிற நேரத்துக்கு ஹார்லன் பண்ணைக்குப் போனார். எரிந்த இடத்தில் பாதி நீளத்துக்குப் புதுக் கொட்டகை எழுந்திருந்தது. உள்ளே ரோலண்ட் குந்தி உட்கார்ந்து ஒரு மாட்டின் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கறவை இயந்திரம் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"என்னடா, வழி தவறிட்டியா?" என்றார் ரோலண்ட், திரும்பாமலே.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

நின்றுகொண்டே சொன்னார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "நான் தப்பான பேக்கிங்கை மாட்டிட்டேன். பெட்ரோல் உள்ள ஒழுகியிருக்கு. நீ மிதிச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நவம்பர்லயே எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. நான் பாக்கல. கூட்டத்துலயும் சொல்லல."

ரோலண்டின் கை நின்றது. பிறகு மறுபடி துடைத்தது. கறவைக் குழல்களை நாலு காம்பிலும் மாட்டினார். எழுந்து நின்று, துணியை வாளியில் பிழிந்தார்.

"அந்தப் பேக்கிங் எங்க?"

"அடுப்புல போட்டுட்டேன்."

"ஏன்?"

"யாரும் பாத்துடக் கூடாதுன்னு."

"எப்ப இதக் கண்டுபிடிச்ச?"

"பதினெட்டு நாள் ஆச்சு."

ரோலண்ட் அவர் முகத்தை முதல்முறையாகப் பார்த்தார். கண்ணில் கோபம் இருந்திருந்தால் நார்பர்ட்டுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ரோலண்ட் ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரிப் பார்த்தார்.

"பேக்கிங் மாறுனது சரி. நானும் ஒரு தடவ டிராக்டருக்கு டீசலுக்குப் பதிலா பெட்ரோல் ஊத்தினவன்தான். ஒன் வாயால கூட்டத்துல சொன்னியே, அதக்கூட விடு. பதினெட்டு நாளு. நான் இங்கதான் இருக்கேன், உன் வீட்டுலேர்ந்து அஞ்சு மைல்ல." வாளியைத் தூக்கிக்கொண்டார். "எங்கிட்டச் சொன்னது போதாது. எந்த எடத்துல சொன்னியோ அங்கயே போய்ச் சொல்லு. ஹார்லன் இருக்கறப்போ சொல்லு."

ஏப்ரலில் ஊரின் வருஷக் கூட்டம். அறுபது பேர் வந்திருந்தார்கள். சாலைச் சரளை, நாய் உரிமம் எல்லாம் பேசி முடிந்து, "வேற யாராவது?" என்று கேட்டபோது நார்பர்ட் எழுந்தார். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போன வருஷம் இதே மேஜைக்கு முன்னால் தான் சொன்னது தவறு என்றார். எது ஏன் நடந்தது என்பதைச் சொன்னார். அடுப்பில் போட்டதையும் விடவில்லை.

கிளேட்டன் தொண்டையைச் செருமினார். "யாருக்கு வேணும்னாலும் நடக்கும், நார்ப். அன்னிக்கு இருந்த குளிருக்குப் புது வண்டியே நின்னிருக்கும்."

"வண்டி போயிருந்தாலும் அந்தக் கொட்டகை தப்பிச்சிருக்காது," என்றார் இன்னொருவர். "வைக்கோல் ஒரு தடவ பிடிச்சா அவ்வளவுதான்." பலர் தலையாட்டினார்கள். தனக்காக அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சாக்கைத் தேடி நீட்டுவதைப் பார்த்தபடி நார்பர்ட் நின்றார். ரோலண்டுக்காகப் போன வருஷம் யாரும் அப்படித் தேடவில்லை. முதலில் தேடியிருக்க வேண்டியவர் நார்பர்ட்தான்.

ஹார்லன் முன்வரிசையில் இருந்தார். கைத்தடியை ஊன்றி மெதுவாக எழுந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வண்டி நேரத்துக்கு வந்திருந்தா எத்தன மாடு பொழச்சிருக்கும்?"

"தெரியலைங்க, ஹார்லன்," என்றார் நார்பர்ட். "கொஞ்சமாவது பொழச்சிருக்கும்."

"ம்," என்றார் ஹார்லன். "இவ்வளவு நாளா எல்லாரும் ஒண்ணும் பொழச்சிருக்காதுன்னே எனக்குச் சொல்லிக்கிட்டிருந்தாங்க." தொப்பியை வைத்துக்கொண்டு வெளியே போனார். பின்வரிசையில் கதவோரமாக நின்றிருந்த ரோலண்ட் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, அவரோடேயே போய்விட்டார்.

நார்பர்ட் தீயணைப்புப் படையிலிருந்து விலகுவதாகச் சொன்னார். கிளேட்டன் ஒத்துக்கொள்ளவில்லை, வேறு மெக்கானிக்குக்கு எங்கே போவது என்றார். ஆகவே வண்டியை அவர்தான் பார்த்துக்கொண்டார். எதைப் பிரித்தாலும், மாட்டுவதற்கு முன்னால் கிளேட்டனைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். "எனக்கு இதுல என்னடா தெரியும்?" என்று கிளேட்டன் அலுத்துக்கொள்வார். இருந்தாலும் நார்பர்ட் அவரைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வார்.

ஒரு வாரம் கழித்து ஹார்லன் பண்ணைக்குப் போய், காலைக் கறவைக்குத் தானும் வருவதாகக் கேட்டுப் பார்த்தார். ஹார்லன் கதவைப் பாதி திறந்துகொண்டு, "ஆள் இருக்கு," என்றார். அது உண்மைதான். தன்மேல் தப்பில்லை என்று ஆன பின்னும் ரோலண்ட் தினமும் இரண்டு வேளை அங்கே போய்க்கொண்டிருந்தார். இன்னும் எதற்குப் போகிறாய் என்று யாரோ கேட்டதற்கு, "மாட்டுக்கு இதெல்லாம் தெரியாதுல்ல," என்றாராம்.

இலையுதிர் காலத்தில் ரோலண்ட் மறுபடி படைக்கு வந்தார். சாவியைக் கிளேட்டன் கையிலிருந்துதான் வாங்கிக்கொண்டார். வண்டியின் முன்னால் நார்பர்ட்டும் அவரும் சந்தித்தால் பேசிக்கொள்வார்கள்: ஆயில் எவ்வளவு இருக்கிறது, டயரில் காற்று எப்படி. "சரி," என்பார் ரோலண்ட். "சரி," என்பார் நார்பர்ட். ரோலண்டின் கால் இன்னும் தூக்கத்தில் உதைக்கிறதா என்று கேட்க நார்பர்ட்டுக்குப் பல தடவை வாய்வரை வந்தது. கேட்கிற உரிமை இல்லை என்று விட்டுவிட்டார்.

அடுத்த ஜூனில், தீவனப் புல் அறுப்பு நேரத்தில், ரோலண்டின் பழைய பெட்ரோல் டிராக்டர் மக்கர் செய்தது. நார்பர்ட் பட்டறை வாசலில் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தபோது ரோலண்டின் பிக்கப் அதை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது. கார்புரேட்டர்தான் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. இன்ஜின் பக்கவாட்டில் பெட்ரோல் வழிந்து தூசியில் கோடு போட்டிருந்தது. பிக்கப் பட்டறை அருகே வந்தபோது வேகம் குறைந்தது. ரோலண்ட் ஜன்னலிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் வைத்தார். நார்பர்ட் துணி பிடித்த கையைத் தூக்கினார். பிக்கப் நிற்கவில்லை. இருபது மைல் தள்ளி இருந்த இன்னொரு பட்டறைக்குப் போகும் சாலையில் திரும்பி, மேட்டில் ஏறிப் போயிற்று.